நிற்காத வண்டி: பிளாக் ராக்கிலிருந்து பெரும்பாக்கம் வரை

1955-ஆம் ஆண்டு வெளிவந்த 'பேட் டே அட் பிளாக் ராக்' என்ற அமெரிக்கப் படம் ஒரு ரயிலில் தொடங்குகிறது. பொட்டல்வெளியை ஊடறுத்து வரும் விரைவு ரயில், சில கட்டடங்கள் மட்டுமே உள்ள பிளாக் ராக்கில் நிற்கிறது. நான்கு ஆண்டுகளில் அங்கே அந்த ரயில் நிற்பது அதுவே முதல்முறை. ஒரு கை மட்டுமே இயங்கும் மனிதர் ஒருவர் இறங்குகிறார். அவர் யார், எதற்கு வந்தார் என்று கேட்பதற்கு முன்பே ஊருக்கு அவரைப் பிடிக்காமல் போய்விடுகிறது. விடுதியில் அறைகள் காலியாகக் கிடக்கின்றன. ஆனால் அறை இல்லை என்கிறான் மேசையில் இருப்பவன். வாடகைக்கு வண்டி கேட்டால் கிடையாது. தொலைபேசியில் வெளியூரைப் பிடிக்க முடிவதில்லை. ஷெரீப் தலையைக் குனிந்துகொள்கிறார்.

ஜான் ஸ்டர்ஜஸ் இயக்கி, ஸ்பென்சர் டிரேசி நடித்த படம். ஹோவர்ட் பிரெஸ்லின் எழுதிய சிறுகதையை மில்லர்ட் காஃப்மன் திரைக்கதையாக்கினார். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகவே ஓடும். கதை நடப்பது 1945-இல், குதிரைக்குப் பதில் ஜீப். ஆனாலும் தனியாக வரும் அந்நியன், ஒதுக்குப்புறமான சிற்றூர், ஊரைக் கைக்குள் வைத்திருக்கும் ஒருவன், ஓய்ந்துபோன சட்டம் என்று வெஸ்டர்ன் படத்தின் உறுப்புகள் எல்லாம் இதில் உண்டு. எல்லைப்புற ஊர் ஒன்றின் வெறுப்பை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன படங்கள் குறைவு. தாம்பரத்துக்குக் கிழக்கே, மேடவாக்கத்தைத் தாண்டிச் சோழிங்கநல்லூர் போகும் சாலையில் நடப்பதைப் புரிந்துகொள்ள இந்தப் படம் உதவும் என்று நம்புகிறேன். அதற்காகத்தான் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வந்தவர் பெயர் மெக்ரீடி. கொமோகோ என்ற ஜப்பானிய விவசாயியைத் தேடி வந்திருக்கிறார். இத்தாலிப் போர்முனையில் கொமோகோவின் மகன் தன் உயிரைக் கொடுத்து மெக்ரீடியைக் காப்பாற்றினான். அவனுக்குக் கிடைத்த பதக்கத்தைத் தகப்பனிடம் சேர்க்க வேண்டும். ஊரின் பெரிய மனிதன் ரெனோ ஸ்மித் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறான். கொமோகோவா? போர் தொடங்கியதும் அவனை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்களே!

அது பொய். ஆனால் அந்தப் பொய்க்கு அடித்தளமாக இருப்பது உண்மையான ஒரு அரசாணை. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ஆம் ஆணையின் விளைவாக ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். படம் பிடிக்கப்பட்ட கலிஃபோர்னியாவின் லோன் பைன் பகுதிக்குப் பக்கத்திலேயே மான்சனார் முகாம் இருந்தது. அரசு செய்த பெரிய அநீதி, ஊர் செய்த சிறிய கொலைக்குத் திரையாகிவிடுகிறது. ஸ்மித் கற்பனை செய்து எதையும் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்கம் செய்துகொண்டிருப்பதையே சொன்னால் போதும், எல்லோரும் நம்புவார்கள்.

நடந்தது இது. தண்ணீர் கிடையாது என்று நினைத்துத் தரிசு நிலம் ஒன்றைக் கொமோகோவுக்குக் குத்தகைக்கு விட்டான் ஸ்மித். கொமோகோ ஆழக் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டார். ஏமாற்ற நினைத்தவன் ஏமாந்து நின்றான். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு மறுநாள் ராணுவத்தில் சேரப் போன ஸ்மித்தை உடல் தகுதி இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். அன்றிரவு குடித்துவிட்டுக் கூட்டாளிகளோடு போய் வீட்டைக் கொளுத்தி, வெளியே ஓடிவந்தவரைச் சுட்டான். இன வெறுப்புக்குள் கிணற்றுத் தண்ணீரும் அவமானமும் கலந்திருந்ததைப் படம் மறைக்கவில்லை. அதுதான் அதன் பலம். வெறுப்பு தனியாக வருவதில்லை. நிலத்தையும் தண்ணீரையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

அதன் பலவீனமும் பெரியது. கொமோகோவை நாம் ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை. மகனையும் பார்ப்பதில்லை. படம் முழுவதும் அவர்களுக்காக ஒரு வெள்ளைக்காரர் பேசுகிறார், அடிபடுகிறார், பழிவாங்குகிறார். கடைசியில் ஸ்மித் பிடிபட்ட பிறகு, ஊரின் வயதான மருத்துவர் அந்தப் பதக்கத்தை ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறார், ஊர் மறுபடி தலைதூக்க ஒரு பற்றுக்கோடாக இருக்கட்டும் என்று. மெக்ரீடி கொடுத்துவிட்டு ரயிலேறுகிறார். இதை மன நெகிழ்ச்சியோடு பார்க்க வேண்டும் என்பது இயக்குநரின் விருப்பம். என்னால் முடியவில்லை. தகப்பனைக் கொன்று நான்கு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்த ஊருக்கு மகனின் பதக்கத்தை எந்த உரிமையில் கொடுப்பது? ஊருக்கு ஒரு பதக்கமும் ஒரு குற்றவாளியும் கிடைத்துவிட்டன. மற்றவர்கள் இனி நிம்மதியாகத் தூங்கலாம். அமெரிக்க அரசு முகாம்களுக்காக மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுக்க 1988-இல்தான் சட்டம் வந்தது.

தமிழ் சினிமா வெஸ்டர்ன் படங்களிலிருந்து முதலில் எடுத்துக்கொண்டது தொப்பி, துப்பாக்கி, குதிரை ஆகியவற்றைத்தான். 1972-இல் எம். கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த 'கங்கா', 'ஜக்கம்மா' இரண்டும் நன்றாகவே ஓடின. பழிவாங்கும் கதைக்கு அந்த உடை பொருத்தமாக இருந்தது. வெஸ்டர்னின் உள்ளே இருந்த கேள்வி மட்டும் கப்பலேறி வரவில்லை. ஒரு ஊர் யாரைத் தன்னவராக ஏற்கிறது, யாரை ஏற்க மறுக்கிறது என்ற கேள்வி அது. சேரிக்கும் ஊருக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கோடு ஓடும் நாட்டில், அந்தக் கேள்வியைக் கேட்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின.

2021 ஏப்ரலில் வெளிவந்த மாரி செல்வராஜின் 'கர்ணன்' அந்தக் கேள்வியைக் கேட்டது. அதிலும் குதிரை வருகிறது, ஆனால் தொப்பி இல்லை. பிளாக் ராக்கில் ரயில் நிற்பதில்லை. பொடியன்குளத்தில் பேருந்து நிற்பதில்லை. முதல் காட்சியில் வலிப்பு கண்ட சிறுமி ஒருத்தி நடுச்சாலையில் கிடக்கிறாள். இரு பக்கமும் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. யாரும் அவளை ஏற்றிச் செல்வதில்லை. பேருந்து ஏற வேண்டுமானால் ஆதிக்க சாதியினர் வாழும் மேலூருக்குப் போய் அங்கே அவமானப்பட்டு நிற்க வேண்டும். ஒருநாள் கர்ப்பிணிப் பெண் ஒருத்திக்காகப் பேருந்தை நிறுத்தப் பார்க்கிறார்கள், நிற்கவில்லை. சிறுவன் ஒருவன் கல்லெறிகிறான், அடுத்து கர்ணன் பேருந்தை நொறுக்குகிறான். அதற்குப் பிறகுதான் அரசாங்கம் அந்த ஊருக்கு வருகிறது, காவல்துறையின் உருவத்தில். விசாரிக்க வந்த அதிகாரிக்கு ஆத்திரத்தைக் கிளப்புவது உடைந்த பேருந்து அல்ல. துரியோதனன், அபிமன்யு என்று ஊர்க்காரர்கள் வைத்துக்கொண்டிருக்கும் பெயர்களும் தலைப்பாகையும் குனியாத முதுகும்தான் அவரை உறுத்துகின்றன.

படம் பார்த்த எவருக்கும் கொடியன்குளம் நினைவுக்கு வராமல் இருக்காது. 1995 ஆகஸ்ட் 31 அன்று தூத்துக்குடி மாவட்டத்தின் அந்தத் தலித் கிராமத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீஸார் நுழைந்து வீடு வீடாகப் பொருள்களை அடித்து நொறுக்கினார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்துச் சம்பாதித்தவர்களின் வீடுகளில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளும் தையல் இயந்திரங்களும்கூடத் தப்பவில்லை. கொமோகோவின் கிணற்றில் தண்ணீர் வந்தது ஸ்மித்துக்குப் பொறுக்காமல் போனதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

'கர்ணன்' பிளாக் ராக்கைவிட ஒரு படி மேலே நிற்பது எதனால் என்றால், பாதிக்கப்பட்டவர்கள் திரைக்கு வெளியே இல்லை. செத்துப்போன சிறுமியும் முகமூடி அணிந்த தெய்வமாகப் படம் முழுவதும் நடமாடுகிறாள். வெளியிலிருந்து வரும் இரட்சகர் யாரும் கிடையாது. ஆனாலும் ஒரு கொடிய அதிகாரியைப் படைத்து, வாளால் கணக்கைத் தீர்ப்பது இந்தப் படத்துக்கும் தேவைப்பட்டுவிட்டது. எனக்கு அந்த அதிகாரியைவிட முக்கியமாகப் படுவது, நிற்காமல் போகும் பேருந்துக்குள் உட்கார்ந்திருக்கும் பயணிகள். அவர்களில் யாரும் கெட்டவர் இல்லை. ஜன்னல் வழியே பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

வண்டி நிற்குமா நிற்காதா என்பது இந்த நாட்டில் சினிமாவுக்கு முன்பே தொடங்கிய வழக்கு. அம்பேத்கர் சிறுவனாக இருந்தபோது, தகப்பனாரைப் பார்க்க அண்ணனோடும் அக்காவின் மகன்களோடும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார். பிள்ளைகள் மகர் சாதியினர் என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர் எவரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி தருகிறோம், வண்டியையும் நாங்களே ஓட்டுகிறோம், நீ பின்னால் நடந்து வா என்று சொல்லித்தான் ஒருவரைச் சம்மதிக்க வைத்தார்கள். தமிழ்நாட்டில் தனியார் பேருந்துகள் ஓடத் தொடங்கிய காலத்தில் பஞ்சமரை ஏற்ற மறுத்த முதலாளிகள் இருந்தார்கள். அப்படி மறுத்தால் உரிமம் போய்விடும் என்று உத்தரவு போட்டவர் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். தியாகராய நகர் பாண்டி பஜாருக்குத் துணியெடுக்கப் போகும் எத்தனை பேருக்கு அந்தக் கடைவீதி அவர் பெயரில் இருப்பது தெரியும்? 1997-இல் ஒரு புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததும் தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. தலித் ஒருவரின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். முடிவில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது. எல்லோரையும் சமமாகத் திருப்திப்படுத்தியதாகத் தோன்றும் அந்த முடிவில், வெறுத்தவர்கள் கேட்டது கிடைத்துவிட்டது.

இப்போது தென் சென்னையின் புறநகருக்கு வருவோம். தென் மாவட்ட ரயில்களில் வருகிறவர்கள் மூட்டை முடிச்சோடு இறங்குவது தாம்பரத்தில். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இது சென்னையின் தெற்கு வாசல். 2021-இல் தாம்பரம் தனி மாநகராட்சியானது. சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் என்று ஏரிகளுக்கும் வயல்களுக்கும் மேல் வீடுகள் எழும்பி, இருபது முப்பது ஆண்டுகளில் ஒரு புது நகரமே உருவாகிவிட்டது. எல்லோரும் வந்தேறிகளாக இருக்கும் ஊரில் பழைய கோடுகள் அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. டு-லெட் பலகையைப் பார்த்துப் படியேறுகிறவரிடம் வாடகையைச் சொல்வதற்கு முன்பு வரும் கேள்விகள், வீடு தேடி அலைந்த எல்லோருக்கும் தெரியும். நீங்க எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? நான்-வெஜ் சமைப்பீங்களா? சாதியை யாரும் நேராகக் கேட்பதில்லை. சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டு, "சொந்தக்காரங்க வர்றாங்க, வீடு விட்டாச்சு" என்பார்கள். பிளாக் ராக் விடுதியில் அறை இல்லை என்று சொன்னவனின் குரல் இது.

ஆனால் இந்தப் பகுதியின் பெரிய கதை வாடகை வீடுகளில் இல்லை. அது அரசே கட்டிய வீடுகளில் இருக்கிறது.

1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவதுதான் முதன்மையான வழியாக இருந்தது. மயிலாப்பூர், மந்தைவெளி என்று நகரின் நடுவிலேயே இன்றும் பழைய போர்டு வீடுகள் நிற்பது அதனால்தான். 2000-ஐ ஒட்டி அணுகுமுறை தடம் மாறியது. கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் ஓரங்களில் தலைமுறைகளாக இருந்தவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்லி, நகரத்துக்கு வெளியே கொண்டுவந்தார்கள். முதலில் துரைப்பாக்கத்தை ஒட்டிய கண்ணகி நகர், 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. அடுத்துப் பெரும்பாக்கம், எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாக. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்தன. வந்தவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக் கொண்டுவந்து விட்ட இடம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் ஏரிகளையும் ஒட்டிய தாழ்வான பகுதி. செம்மஞ்சேரியில் ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் தண்ணீர் நிற்கிறது.

தூரம்தான் முதல் அடி. சாந்தோமிலும் ராயப்பேட்டையிலும் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த பெண்கள், அதே வேலைக்குப் போக விடியலுக்கு முன்பே பேருந்துக்கு நிற்க வேண்டியதாயிற்று. பல பேர் வேலையை விட்டார்கள். கல்வியாண்டின் நடுவில் வீடு இடிக்கப்பட்டு வந்த பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது இந்தக் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதைக் காலையில் பெரும்பாக்கத்திலிருந்து புறப்படும் வண்டியில் ஏறிப் பார்த்தால் தெரியும்.

இரண்டாவது அடி முகவரி. கண்ணகி நகர், செம்மஞ்சேரி என்று எழுதினால் வேலை கிடைப்பதில்லை என்பதை அங்குள்ள இளைஞர்கள் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். செய்திகளிலும் ஆய்வறிக்கைகளிலும் இது திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. துரைப்பாக்கம் என்றோ சோழிங்கநல்லூர் என்றோ எழுதுகிறவர்கள் உண்டு. கூப்பிடும் தூரத்தில் ஓ.எம்.ஆர். சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள். அங்கே ஹவுஸ்கீப்பிங் வேலைக்கும் காவல் வேலைக்கும் ஆள் வேண்டும், ஆனாலும் "எந்த ஏரியா?" என்ற கேள்வியில் பேச்சு நின்றுவிடும். இரவில் அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோ வராது. எங்கேயோ திருட்டு நடந்தால் போலீஸ் வண்டி மட்டும் தவறாமல் வரும். பிறந்த சாதியை வைத்து ஒரு கூட்டத்தையே குற்றவாளிகளாகப் பதிவு செய்த குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1947-இல் ஒழித்தது. சாதியின் பெயரால் சந்தேகப்பட்ட இடத்தில் இன்று கதவிலக்கத்தின் பெயரால் சந்தேகப்படுகிறார்கள்.

இங்கே ஸ்மித் யார்? யாரும் இல்லை. இதுதான் வெஸ்டர்ன் படத்தின் சட்டகத்துக்குள் இந்தக் கதை அடங்காத இடம். ஆற்றைச் சுத்தப்படுத்த வேண்டும் என்ற பொறியாளர், நிலம் மலிவாகக் கிடைத்த இடத்தில் கட்டிய வாரியம், விண்ணப்பத்தைத் தள்ளிவைத்த மேலாளர், சவாரியை மறுத்த ஓட்டுநர், பக்கத்து அடுக்ககத்தில் சுற்றுச்சுவரை உயர்த்திக் கேமரா மாட்டிய சங்கம் என்று ஒவ்வொருவரும் தம் பங்குக்குச் சின்னதாக ஒன்றைச் செய்தார்கள். ஆயினும் பிளாக் ராக்கோடு ஒரு பொருத்தம் உண்டு. அரசு ஒரு கூட்டத்தை மொத்தமாக அள்ளி ஓரிடத்தில் கொண்டுபோய் வைக்கும்போது, அவர்களிடம் ஏதோ தவறு இருக்கிறது என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகு ஊர் தானாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

பெயரின் மேல் படிந்த அச்சம் போகவே போகாதா என்றால், தாம்பரத்திலேயே பதில் இருக்கிறது. 1928-இல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். காசநோய் என்றால் சொந்த வீட்டிலேயே தட்டையும் பாயையும் தனியாக வைத்த காலம் அது. 1937-இல் அரசு ஏற்றுக்கொண்ட அந்தச் சானடோரியம், 1990-களில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் புகலிடமாயிற்று. மற்ற மருத்துவமனைகள் தொட மறுத்தவர்கள் தமிழகத்தின் மூலைமுடுக்குகளிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ரயிலேறி இங்கே வந்தார்கள். 2004 ஏப்ரலில் நாட்டில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கிய முதல் மையங்களில் இதுவும் ஒன்று. இன்று சானடோரியம் என்பது மின்சார ரயில் நிலையத்தின் பெயர். எதிரே மெப்ஸ் தொழில் வளாகம். வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி ஏறுகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டு யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. பெயரை மாற்றி இது நடக்கவில்லை. மருத்துவர்களும் செவிலியர்களும் வந்தவர்களைத் தொட்டார்கள், மருந்து வேலை செய்தது, ரயில் அங்கே நின்றது.

கண்ணகி நகரில் 2020-இல் பெரிய சுவரோவியங்கள் தீட்டப்பட்டன. மாடி உயரத்துக்குச் சிரிக்கும் முகங்கள், பளிச்சென்ற வண்ணங்கள். படமெடுக்க வெளியாட்கள் வந்தார்கள். அதுவரை அந்தத் தெருக்களுக்குள் கால் வைக்காதவர்கள் வந்தது நல்லதுதான். ஆனால் சுவருக்குப் பூசிய வண்ணம் வேலை விண்ணப்பத்தின் முகவரிக் கட்டம் வரை போய்ச் சேரவில்லை.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதன் துணைத்தலைவி கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். ஒரே வாரத்தில் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்ற பெயர் தமிழ்நாடு முழுவதும் பரவியது. முதலமைச்சர் 25 லட்சம் ரூபாய் பரிசளித்தார். அதே மாதம் கபடி வீரன் ஒருவனின் கதையை 'பைசன்' படமாக வெளியிட்டிருந்த மாரி செல்வராஜ் நேரில் சந்தித்துப் பாராட்டினார். இந்தப் பதக்கம் கொமோகோ மகனின் பதக்கத்தைப் போல ஒதுக்கிய ஊரின் கைக்குப் போகவில்லை. வென்றவள் கழுத்தில், அவள் ஊர்ப் பெயரோடு, அவள் தெருவுக்கே வந்தது. எழுதக் கூசிய முகவரியைப் பட்டப்பெயராகச் சூடிக்கொண்டவளைப் பார்த்து அங்குள்ள பிள்ளைகள் அடைந்த பெருமிதத்தை எந்த அரசாணையாலும் கொடுத்திருக்க முடியாது.

இருந்தாலும் ஒரு பெண்ணின் தங்கத்தை வைத்து ஆயிரக்கணக்கான வீடுகளின் கணக்கை முடித்துவிட நகரம் ஆசைப்படும். பிளாக் ராக் செய்தது அதைத்தான். கார்த்திகாவோடு ஒரே மைதானத்தில் ஆடி, பதக்கம் இல்லாமல் வீடு திரும்பும் பெண்ணும் நாளை ஓ.எம்.ஆரில் ஒரு நேர்காணலுக்குப் போவாள். அங்கே அவளுடைய விண்ணப்பம் என்ன ஆகிறது என்பதை அரசு கணக்கெடுக்கலாம். வாரியத்தின் குடியிருப்புகளிலிருந்து எத்தனை பேர் வேலைக்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள் என்று நிறுவனங்களிடம் கேட்கலாம். சலுகையில் நிலமும் மின்சாரமும் வாங்கிய நிறுவனங்கள் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவையே. தனியார் பேருந்து முதலாளிகளின் மனம் மாறட்டும் என்று சௌந்தரபாண்டியன் காத்துக்கொண்டிருக்கவில்லை. உரிமத்தில் கை வைத்தார்.